உக்காந்து சாப்பிடாத ஆளை விருந்துக்குக் கூப்பிடாதீங்க

சனிக்கிழமை ராத்திரி மண்டபம் ஊருக்குப் பக்கத்து ரிசார்ட்ல, தொழில் பண்றவங்க ஒருத்தர ஒருத்தர் தெரிஞ்சுக்கிறதுக்குன்னு வச்ச நெட்வொர்க்கிங் விருந்துல என்ன நடந்துச்சுன்னு இங்க பாதிப் பேருக்குத் தெரியும், மீதிப் பேரு வாட்ஸப்ல சுத்துற அந்த 40 செகண்ட் வீடியோவப் பாத்திருப்பீங்க. முழுக்கதையும் திரும்பச் சொல்லப் போறதில்ல. ரெண்டு நாளா எழுதலாமா வேணாமான்னு இருந்தேன். "விட்டுருங்க காக்கா, பெரிய ஆளுங்க சகவாசம், அடுத்த தடவ பாத்துக்கலாம்"னு போன் பண்ணிச் சொன்ன தம்பிங்களுக்கும், நான் குறை சொன்னேன்னு பதிலுக்கு எழுதுனவங்களுக்கும் சேத்துத்தான் எழுதுறேன். விட முடியல.

நான் சொல்றது ஒண்ணே ஒண்ணுதான். விருந்துக்குக் கூப்பிட்ட பேச்சாளர் எங்களோட உக்காந்து சாப்பிடணும். பேசுன கையோட கெளம்புற ஆளுன்னா அவருக்குப் பகல்ல ஒரு ஹால் பிடிச்சு மைக் குடுங்க, நாங்க வந்து கேட்டுட்டு டீ குடிச்சிட்டுப் போறோம், அதுக்குப் பேரு கூட்டம். விருந்துன்னு கார்டு அடிச்சா வந்தவரும் கை நனைக்கணும். இதுல என்ன தப்பு இருக்கு?

நிகழ்ச்சி நிரல்ல அவருக்குப் போட்டிருந்தது 25 நிமிஷம். பேசுனது 1 மணி 10 நிமிஷம். ப்ளூ எகானமி, வேல்யூ செயின், ஸ்கேல் பண்றதுன்னு ஸ்லைடு மேல ஸ்லைடு. ஆரம்பிக்கும்போது "கலாம் பிறந்த மண்ணுக்கு வணக்கம்"னு சொன்னாரு, எல்லாரும் கை தட்டுனோம், நானும் தட்டுனேன். முடிக்கும்போது அதே மனுஷன் "இந்தக் கடற்கரைல எல்லாம் இருக்கு, தொழில் பண்ற மைண்ட்செட் மட்டும் இல்ல"ன்னாரு. அதுக்கும் கை தட்டுனாங்க. நான் தட்டல.

அதுக்கப்புறம் 5 நிமிஷம், பாம்பன் பக்கத்துல கடல்பாசி வளக்குற ஒரு அக்காவுக்கு. நிரல்ல அவங்க பேரு கூட இல்ல, "உள்ளூர்க் குரல்"னு போட்டிருந்துச்சு. அந்த அக்கா என் மேசைலதான் இருந்தாங்க, அவரு பேசிக்கிட்டு இருந்த நேரம் பூரா மடில ஒரு பேப்பரை மடிச்சு வச்சுக்கிட்டு உக்காந்திருந்தாங்க. பேரு வாசிச்சு அவங்க மைக்கை வாங்குன அதே நேரம் பேச்சாளருக்குக் கார் வந்துருச்சு. காலைல மதுரைல ஃப்ளைட்டாம். முன்னாடி ரெண்டு மேசையும் மொத்தமா எந்திரிச்சுச்சு, சால்வை, போட்டோ, வாசல் வரைக்கும் கும்பல். பின்னாடி சாப்பாட்டைத் திறந்துட்டாங்க, தட்டுச் சத்தம். அக்கா ரெண்டு வரி படிச்சாங்க, நிறுத்துனாங்க, எல்லார் முதுகையும் பாத்துக்கிட்டே நின்னாங்க, அப்புறம் மைக்கை அந்தப் பையன்கிட்ட குடுத்துட்டு வந்து உக்காந்துட்டாங்க. வீடியோல இருக்கிறது அதுதான். வீடியோல இல்லாதது, திரும்பி வந்ததும் என்கிட்ட "பரவால்ல பாய், அவுகளுக்கு என்ன அவசரமோ"ன்னு சொன்னது.

நான் எந்திரிச்சு "எல்லாரும் ஒரு 5 நிமிஷம் உக்காருங்கய்யா"ன்னு ஒரு சத்தம் போட்டிருக்கலாம். போடல. அது என் தப்பு, அதை யாரும் எனக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்ல.

ஆனா ஒண்ணு கேளுங்க. பேச்சு ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி சூப் வந்த நேரத்துல ஒரு பத்து நிமிஷம் அந்த அக்கா என்கிட்ட சொன்னதுல இருந்த விஷயம் அந்த 1 மணி 10 நிமிஷத்துல இல்ல. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, அதுல 60 கிலோ விதைப்பாசி கட்டுனா 45 நாள்ல 200 கிலோவுக்கு மேல வரும், வரணும். கடல் சூடாகுற மாசத்துல பாசி வெளுத்து, தண்டு அழுகி, கயித்துல கட்டுன மாதிரியே உதிர்ந்து போயிருது, அடுத்த தடவைக்குக் கட்ட விதைப்பாசியும் மிஞ்சாது, வெளில காசு குடுத்து வாங்கணும். நல்ல விதையைக் காப்பாத்தி வைக்க ஊருக்குப் பக்கத்துலயே ஒரு இடம் வேணும், அதுதான் அவங்க கேக்க வந்தது. எழுதிக் கொண்டுவந்த பேப்பர்ல இருந்தது அதுதான். அந்த ஹால்ல முதல் போடுற ஆளு இருந்தாங்க, ஏற்றுமதி பண்ற ஆளு இருந்தாங்க, மண்டபத்துல மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையம் சுதந்திரம் வாங்குன காலத்துல இருந்து இருக்கு. கேட்டிருந்தா அன்னிக்கு ராத்திரியே ரெண்டு பேராவது "நாளைக்கு வந்து பாக்குறேன்"னு சொல்லியிருப்பாங்க. அதுக்குத்தான்யா இந்த விருந்தே!

இதச் சொன்னா "உங்களுக்கு நெட்வொர்க்கிங் டின்னரே பிடிக்காது"ங்கிறாங்க. பிடிக்காம இல்ல. எங்க குடும்பமே ஒரு விருந்துலதான் எந்திரிச்சு நின்னுச்சு.

எங்க கீழக்கரைப் பக்கம் கல்யாணச் சோறு சஹன்லதான். பெரிய தட்டு ஒண்ணு, நெய்ச்சோறு, கறி, தால்ச்சா, சுத்தி நாலஞ்சு பேரு. யாரு பக்கத்துல யாருன்னு பேர்ப்பலகை கிடையாது, வந்த வரிசைல உக்காரணும், லாஞ்ச் படகு வச்சிருக்கவரும் ஐஸ் பார் தூக்குறவரும் ஒரே தட்டுல கை வைப்பாங்க. எங்க வாப்பா ஐஸ் பிளாண்ட் போட்ட புதுசுல சரக்கு எடுக்க ஆளில்லாம திணறிக்கிட்டு இருந்தாக. ஒரு கல்யாணத்துல அவுக சஹன்ல வந்து உக்காந்தவரு தூத்துக்குடிக்கு மீன் லாரி ஓட்டுறவரு. முன்னப்பின்ன தெரியாத ஆளு. சாப்பிட்டுக்கிட்டே பேசுனதுல, "ஐஸ் இருந்தா நான் இந்த வழியா வண்டியத் திருப்புவேனே"ன்னு அவரு சொல்லியிருக்காரு. அவ்வளவுதான். அந்த ஒரு பேச்சுல இருந்துதான் நான் படிச்சேன், தங்கச்சிக்குக் கல்யாணம் ஆச்சு, பின்னாடி நண்டுக் கம்பெனி வந்துச்சு. வாப்பா எங்களுக்குச் சொல்லிக் குடுத்த மரியாதை ஒண்ணு உண்டு: சஹன்ல கடைசி ஆளு சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் யாரும் எந்திரிக்கக் கூடாது. எவ்வளவு பெரிய ஆளா இருந்தாலும். பசி அடங்குனாலும் விரலால சோத்தைக் கிண்டிக்கிட்டாவது உக்காந்திருக்கணும், இல்லன்னா மெதுவாச் சாப்பிடுறவன் கூச்சப்பட்டுப் பாதில எந்திரிச்சுருவான்னு சொல்லுவாக.

அந்த அக்கா பாதில எந்திரிச்சுட்டாங்க. நாமதான் எந்திரிக்க வச்சோம்.

இது எங்க ஊரு வழக்கம் மட்டும் இல்ல. ரோட்டரி சங்கம் எப்படி ஆரம்பிச்சுச்சு? 1905ல சிகாகோல பால் ஹாரிஸ்னு ஒரு வக்கீல், ஒரு நிலக்கரி வியாபாரி, ஒரு சுரங்க இன்ஜினியர், ஒரு தையல்காரர், நாலு பேர் உக்காந்து பேசுனதுல. சுத்து முறைல ஒவ்வொருத்தர் ஆபீஸ்லயா கூடுனதாலதான் அந்தப் பேரே. தையல்காரரும் வக்கீலும் ஒரே மேசை. 1973ல மார்க் கிரனோவெட்டர்ங்கிற அமெரிக்க சமூகவியலாளர், வேலை மாறுனவங்களக் கேட்டுப் பாத்துச் சொன்னதும் இதுதான், வழி காட்டுனது பெரும்பாலும் நெருங்குன சினேகிதன் இல்ல, எப்பவாவது பாக்குற ஆளு. லாரிக்காரர் எங்க வாப்பாவுக்கு வந்த மாதிரி. அந்த எப்பவாவது பாக்குற ஆளுகிட்டப் பேச வேண்டிய நேரத்தைப் பூரா ஒருத்தரே எடுத்துக்கிட்டா நாங்க எதுக்கு 4,500 ரூபா கட்டிட்டு வர்றது? ஆமா, கட்டிட்டுத்தான் வந்தேன், எனக்கும் மகனுக்கும் சேத்து 9,000. ஓசிச் சோறு தின்னுட்டுக் குறை சொல்றேன்னு எழுதுன தம்பி இதையும் குறிச்சு வச்சுக்கோங்க.

"அவரு எவ்வளவு பிஸியான ஆளு தெரியுமா"ன்னு கேக்குறீங்க. தெரியும். பிஸியான ஆளு பிஸியாவே இருக்கட்டும், அவரை யாரு விருந்துக்குக் கூப்பிட்டது? பேச்சாளரக் கொண்டாடுறது இந்தக் கரைக்குப் புதுசும் இல்ல. 1897 ஜனவரில விவேகானந்தர் இலங்கைல இருந்து பாம்பன்ல வந்து இறங்குனப்ப ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி நேர்ல போய் நின்னு வரவேற்றாரு. அவ்வளவு பெரிய மனுஷன், பாம்பன்ல பேசுனாரு, ராமேஸ்வரம் கோயில்ல பேசுனாரு, ராமநாதபுரத்துக்கும் வந்து பேசிட்டுத்தான் மேல போனாரு. கலாம் பேரைச் சொல்லிப் பேச்சை ஆரம்பிச்சாரே, கலாம் அய்யா எங்க போனாலும் பேசி முடிச்சதும் புள்ளைங்களைக் கேள்வி கேக்க விடுவாரு. இவருகிட்ட ஒரே ஒரு கேள்வி கேக்க நாலு பேரு கை தூக்குனோம்.

பெரிய முதலாளிங்க மனசு விட்டுப் பேசணும்னா மூடுன அறை வேணும், எல்லாரையும் உக்கார வைக்க முடியாதுன்னு ஒருத்தர் சொல்லியிருந்தாரு. அதுல கொஞ்சம் நியாயம் இருக்கு. லண்டன்ல சாத்தம் ஹவுஸ் விதின்னு 1927ல இருந்து இருக்கு, கேட்ட விஷயத்தைப் பயன்படுத்திக்கலாம், யாரு சொன்னாங்கன்னு வெளில சொல்லக் கூடாது. நல்ல விதி. கதவை மூடிக்கோங்க, உள்ள யாரு யாரு இருக்காங்கங்கிறதுதான் என் கேள்வி.



"உங்களைப் பேசக் கூப்பிடலைன்னு பொறாமை"ன்னு ஒருத்தர் எழுதியிருந்தாரு பாருங்க, அது வலிச்சுச்சு. 22 வருஷமா தொழில் பண்றேன், எந்த மேடையையும் நான் கேட்டதில்ல. மூணு வருஷம் முன்னாடி இதே மாதிரி ஒரு விருந்துல என்னைப் பேசச் சொல்லி, ஒரு வாரம் உக்காந்து எழுதிக் கொண்டு போயி, நேரமில்லன்னு கடைசி நிமிஷத்துல தூக்கிட்டாங்க. அன்னிக்கு நான் ஒரு வார்த்தை பேசல, வீட்டுல கூடச் சொல்லல. மடில பேப்பரை வச்சுக்கிட்டு உக்காந்திருக்கிறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும்.

இப்ப, இங்க இல்லன்னு அவரு சொன்ன அந்த மைண்ட்செட். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் தடைக்காலம், ஒரு விசைப்படகு போகாது. அந்த 61 நாளும் ஐஸ் பிளாண்ட்டுக்குக் கரண்ட் பில் வரும், ஆளுக்குச் சம்பளம் வரும், படகுக்காரங்களுக்கு அட்வான்ஸ் குடுக்கணும், குடுக்கலைன்னா ஜூன் 15 காலைல நண்டு வேற கம்பெனிக்குப் போயிரும். இந்தப் பக்கத்துல விசைப்படகுக்கு வாரத்துல 3 நாளு, நாட்டுப்படகுக்கு மத்த நாளுன்னு ஒரு நாள்முறை இருக்கு, அடிச்சுக்கிட்டுக் கெடந்த ரெண்டு தரப்பும் உக்காந்து பேசி வந்த முறை அது. கடலுக்குள்ள போனவன் இலங்கை எல்லைல பிடிபட்டா படகே திரும்பாது. 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம் வரி போட்டப்ப ராத்திரி தூக்கமில்லாம உக்காந்து கணக்குப் பாத்தோம், ஷெட்ல நண்டு உடைக்கிற ஒரு பொம்பளையக்கூட நிறுத்தல. பாசி எடுக்குற பொம்பளைங்க விரல்ல துணியச் சுத்திக்கிட்டு மூச்சடக்கி முங்குறாங்க, மாசத்துல 12 நாளுக்கு மேல எடுக்கக் கூடாதுன்னு அவங்களே பேசிக் கட்டுப்பாடு வச்சிருக்காங்க, பாசி திரும்ப வளரணும்னு. அப்படிப் பாசி எடுக்குற பாம்பன் சின்னப்பாலத்துல இருந்துதான் லட்சுமி மூர்த்தி அம்மா 2015ல, தீவுகளோட இயற்கையக் காப்பாத்துறவங்களுக்குக் குடுக்குற சீகாலஜி விருது வாங்குனாங்க. மன்னார் வளைகுடாச் சங்கு வங்காளத்துல வளையலாச்சு, யாரு கொண்டு போனது? எங்க ஆளுங்கதான். தொழில் புத்தி இல்லாத கரையா இது?

இவ்வளவு கோபம் எதுக்குன்னா, அந்தப் பேச்சைக் கேட்டது நான் மட்டும் இல்ல. மகன் சென்னைல எம்பிஏ முடிச்சுட்டு வந்திருக்கான். ஊர்லயே இருக்கலாமா, பெங்களூர் போகலாமான்னு ரெண்டு மனசுல இருக்கான். நாலு பெரிய மனுஷங்களைப் பாக்கட்டும், நம்ம கடலை நம்பி எத்தனை பேரு எத்தனை தொழில் பண்றாங்கன்னு தெரியட்டும்னுதான் கூட்டிக்கிட்டுப் போனேன். திரும்பும்போது உச்சிப்புளி தாண்டுற வரைக்கும் ஒண்ணும் பேசல. அப்புறம் "அவரு சொன்னது சரிதான வாப்பா, இங்க யாரும் பெருசா யோசிக்கிறதில்ல"ன்னான். நான் வண்டிய ஓரமா நிறுத்திட்டேன். அந்த அக்கா சொன்ன மிதவைக் கணக்கு, விதைப்பாசி, எல்லாத்தையும் அவன்கிட்டச் சொன்னேன். "இத அவங்க ஏன் மேடைல சொல்லல"ன்னு கேக்குறான். அந்த நேரம் அவன் பேச்சாளரோட போட்டோ எடுக்க வாசல்ல நின்னிருக்கான்.

அவனை நான் திட்டல. கூட்டம் எந்தப் பக்கம் போச்சோ அந்தப் பக்கம் போயிருக்கான்.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் அவனையும் கூட்டிக்கிட்டுப் போய் அந்த அக்காவைப் பாத்தேன். எங்க ஊரு இனிப்பு தொதல் வாங்கிட்டுப் போனோம். காய வச்ச பாசியக் கிளறிக்கிட்டே பேசுனாங்க, இவன்தான் நிறையக் கேள்வி கேட்டான், நான் சும்மா உக்காந்திருந்தேன். கெளம்பும்போது அந்தப் பேப்பரை அவங்க இவன்கிட்டக் குடுத்தாங்க.

விருந்து நடத்துறவங்க இதப் படிப்பீங்கன்னு தெரியும். அடுத்த விருந்துக்குப் பேரு கேட்டு நேத்து மெசேஜ் அனுப்பியிருக்கீங்க. எனக்கு ரெண்டு இடம் போடுங்க, ஒண்ணு எனக்கு, ஒண்ணு அந்த அக்காவுக்கு, காசு நான் கட்டுறேன். நிரல்ல அவங்க பேரு முழுசா வரணும். அவங்க முதல்ல பேசணும், வர்ற பேச்சாளர் அதைக் கேக்கணும், கடைசிப் பாயாசம் வரைக்கும் ஏதாவது ஒரு மேசைல உக்காந்திருக்கணும். முடியும்னா வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க, முடியாதுன்னாலும் சொல்லுங்க. பாம்பனுக்குப் போய் அந்த அக்காகிட்ட சொல்ல வேண்டியவன் நான்.