டிகுமே மீனுக்கும் ஆக்சிஜன் வேண்டும்

கேமரூன் நாட்டின் பரோம்பி ம்போ ஏரியில் வாழும் டிகுமே மீன் "ஆக்சிஜனே இல்லாமல் உயிர் வாழும்" என்று ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு. மற்ற மீன்களைப் போல இதுவும் செவுள் வழியாக ஆக்சிஜனை எடுத்துத்தான் வாழ்கிறது.

இந்தப் பேச்சு எப்படிக் கிளம்பியிருக்கும் என்பது புரிகிறது. எரிமலை வாயில் உருவான அந்த ஏரியின் ஆழம் சுமார் 110 மீட்டர். மேல் அடுக்கைத் தாண்டிவிட்டால் ஆக்சிஜன் மிகவும் குறைவு. டிகுமே அங்கே இறங்குவது இரைக்காக. கொசு போன்ற ஒருவகைப் பூச்சியின் புழுக்கள் பகலில் அந்த ஆழத்தில் பதுங்கியிருக்கும். அவற்றின் உடல் கண்ணாடி போல ஒளி ஊடுருவக்கூடியது. உள்ளே இருக்கும் குட்டிக் காற்றுப்பைகள் மட்டும்தான் பளிச்சென்று தெரியும்.

சரி, எப்படித் தாக்குப்பிடிக்கிறது? ரத்தத்தால்தான். அதே ஏரியின் மற்ற சிக்லிட் குடும்ப மீன்களைவிட இதன் உடலில் ரத்தமும் அதிகம், அதில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினும் அதிகம். மூச்சடக்கி முத்துக் குளிப்பவரைப் போல, ஆக்சிஜனைச் சேர்த்துக்கொண்டு இறங்குகிறது என்பதே ஆய்வாளர்களின் விளக்கம்.

எனக்கு இந்த உண்மைதான் அந்தக் கதையைவிடப் பெரிய அதிசயம். உலகிலேயே இந்த ஒரே ஏரியில்தான் டிகுமே இருக்கிறது. அழிவின் விளிம்பில் உள்ள இனமாகவும் பட்டியலிடப்பட்டுள்ளது. ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் அது பிழைத்துக்கொள்ளும் என்று நம்பினால், ஏரி நீர் கெடுவதைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்?