யு.கே.ஜி. சான்றிதழ் கட்டாயம் இல்லை

அங்கன்வாடியில் இருந்த பிள்ளையை யு.கே.ஜி. சான்றிதழ் இல்லாமல் ஒன்றாம் வகுப்பில் சேர்க்க மாட்டார்கள் என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். பாம்பன், தொண்டி பக்கமும் இதே பேச்சு ஓடுகிறது. தப்பாக நினைக்க வேண்டாம் தம்பி, அப்படி ஒரு விதி கிடையாது.

தமிழ்நாட்டில் 5 வயது நிறைந்த பிள்ளை அரசுப் பள்ளியில் நேராக ஒன்றாம் வகுப்பில் சேரலாம். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 13-ஐப் பாருங்கள்: சேர்க்கையின்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு வைத்து வடிகட்டக் கூடாது, மீறினால் முதல் தடவை 25,000 ரூபாய் வரை அபராதம். இது தனியார் பள்ளிக்கும் பொருந்தும். பிறப்புச் சான்றிதழ் கைவசம் இல்லையென்றால்கூட சேர்க்கையை மறுக்க முடியாது என்கிறது பிரிவு 14.

என் சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். சட்டம் இணையத்திலேயே கிடைக்கிறது, அந்த இரண்டு பிரிவும் சேர்ந்து அரைப் பக்கம்கூட வராது. இல்லையென்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 எண்ணுக்குப் போன் போட்டுக் கேளுங்கள்.

சேர்க்கை நேரம் மீன்பிடித் தடைக்காலத்தில் வருகிறது. ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகு கரையில்தான். கையில் காசு இல்லாத அந்த நேரத்தில், இந்தச் சான்றிதழுக்காக யாரும் கடன் வாங்கிவிடாதீர்கள்.