ஐடிஐ படித்தால் ஐடி வேலைக்குப் போக முடியாதா?

“ஐடிஐ, பாலிடெக்னிக் சேர்ந்தால் ஐடி துறையை மறந்துவிடுங்கள், அங்கே பொறியியல் பட்டம் கட்டாயம்” என்ற வாட்ஸ்அப் செய்தி மாணவர் சேர்க்கைக் காலத்தில் மீண்டும் சுற்றுகிறது. இது தவறு.

ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்திலேயே ‘கோபா’ (கணினி இயக்குநர், நிரலாக்க உதவியாளர்) என்ற ஓராண்டுக் கணினிப் பிரிவு இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். வலைப்பக்க வடிவமைப்பும் நிரலாக்க அடிப்படையும் கற்றுத்தருகிறார்கள். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்தவர்கள் நேரடியாக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேரலாம். மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவு மாணவர்களுக்குப் பொறியியல் கலந்தாய்வில் தனி ஒதுக்கீடே உண்டு. பட்டமே வேண்டாம் என்பவர்களுக்கும் வழியிருக்கிறது: சோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் பல ஆண்டுகளாக பன்னிரண்டாம் வகுப்பு, டிப்ளமோ முடித்தவர்களை உதவித்தொகையுடன் பயிற்றுவித்து வேலைக்கு எடுத்துவருகிறது.

செய்தியில் பாதி உண்மையும் ஒளிந்திருக்கிறது. பல பெரிய நிறுவனங்கள் கல்லூரிகளுக்கே வந்து ஆளெடுக்கும் வளாகத் தேர்வில் பட்டம் கேட்கத்தான் செய்கின்றன. ஆனால் கணினிப் பராமரிப்பு, நெட்வொர்க், மென்பொருள் சோதனை போன்ற வேலைகளில் பட்டத்தைவிடக் கைத்திறனைப் பார்க்கும் இடங்கள் நிறைய.

என் கவலை வேறு. இந்த வயதில் மாணவர்களின் பாதையைத் தீர்மானிப்பவர்கள் பெரும்பாலும் பெற்றோரும் ஆசிரியரும் அதே தெருவில் ஏற்கெனவே வேலைக்குப் போகும் அண்ணனும்தான். அவர்கள் கைப்பேசிக்குத்தான் இந்தச் செய்தி முதலில் போகிறது.