அகேட் கல்லில் விழும் கீறல்

குஜராத்தின் ரத்தன்பூர் பகுதியில் கிடைக்கும் வரிவரியான அகேட் கற்கள், கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை அளக்கும் மோஸ் அளவுகோலில் ஏறத்தாழ 7 என்னும் கடினம் கொண்டவை என்பதால், அவற்றை மெருகேற்ற, தண்ணீரோடும் சிலிக்கான் கார்பைடு என்னும் தேய்ப்புத் தூளோடும் சுழல் உருளையில் இட்டு, கரட்டுத் தூளில் தொடங்கி நுண்தூள் வரை, ஒவ்வொரு கட்டமும் ஒரு வாரமோ அதற்கு மேலோ இரவு பகலாக உருட்ட வேண்டியிருக்கிறது. அந்தப் பொறுமையை மனமுவந்தே தருகிறேன். ஆனால், நுண்தூளைக் குறிக்கும் 500 என்ற எண்ணை அச்சிட்ட பொட்டலத்துக்குள் கரட்டுத் தூளையும் கலந்து விற்பதை எப்படிப் பொறுத்துக்கொள்வது? பருமனான துகள் சில புகுந்தாலே போதும், கண்ணாடிபோல மிளிர வேண்டிய வரிகளின் மேல் கீறல் விழுந்து, முந்தைய கட்டத்துக்கே திரும்ப நேர்கிறது. கேட்டால், உருளையைச் சரியாகக் கழுவியிருக்க மாட்டீர்கள் என்கிறார் கடைக்காரர். நுண்தூளுக்கென்றே தனி உருளை வைத்திருப்பவரிடம் இப்படிச் சொல்வது பெரும் அநியாயம்.