ஆயுதத்தைக் குறைங்க, சிரிப்பு தானா வரும்

வேர்ம்ஸ் அர்மகெடான்ங்கிற கம்ப்யூட்டர் விளையாட்டுல "எல்லா ஆயுதமும் வேணும், எல்லாமே அன்லிமிடெட்"னு செட் பண்ணி பசங்க கையில கொடுக்கிற சித்தப்பாக்கள், மாமாக்கள் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். நிறுத்துங்க. பத்து நிமிஷத்துல மேப் முழுக்க ஓட்டை. கான்கிரீட் கழுதைங்கிற ஆயுதம் மூணு விழுந்து பாதித் தீவு காணாமப் போயிருக்கும். "போர் அடிக்குது"ன்னு பசங்க போனைத் தேட ஆரம்பிச்சிடுவாங்க. விளையாட்டு மேல தப்பு இல்ல, செட்டிங் மேலதான்.

தெரியாதவங்களுக்கு ரெண்டு வரி. தண்ணி நடுவுல ஒரு தீவு, அதுல ஆளுக்கு ஒரு புழுப் படை. மாத்தி மாத்தி ஒவ்வொரு புழுவா நகர்த்தி, ஒரு முறைக்கு ஒரு ஆயுதம் போடணும். கடைசியா யார் படை மிஞ்சுதோ அவங்க ஜெயிச்சாங்க. புழுவெல்லாம் கீச்சுக் குரல்ல பேசும், செத்தா தனக்குத்தானே வெடி வச்சுக்கிட்டு கல்லறை ஆயிடும். ஆண்டி டேவிட்சன்னு ஒரு இங்கிலாந்துக்காரர் அமிகா கம்ப்யூட்டர்ல பிளிட்ஸ் பேசிக்ங்கிற புரோகிராம் மொழியில எழுதி, ஒரு பத்திரிகைப் போட்டிக்கு அனுப்பினார். ஜெயிக்கல. அதையே டீம்17 கம்பெனிகிட்ட கொண்டுபோய்க் காட்டினார், 1995-ல வெளிவந்துச்சு. அர்மகெடான் 1999. இன்னிக்கும் ஆடத் தகுந்தது அதுதான்னு என் கட்சி.

இதுல சிரிப்பு எங்கிருந்து வருதுன்னு பாருங்க. புழு குரல்ல இருந்து இல்ல. சித்தப்பா கண்ணைச் சுருக்கி, காத்தைப் பார்த்து, கோணம் வச்சு, "இப்ப பாரு"ன்னு விட்ட குண்டு ஒரு சுத்து சுத்தி அவர் தலையிலேயே விழுதே, அங்கதான். அவர் கணக்குப் போட்டிருந்தாத்தான் அது சிரிப்பு. கணக்கே தேவைப்படாத ஆயுதம் தப்பிப் போனா யாரு சிரிப்பாங்க?

அதனால ஆயுதப் பட்டியலைச் சுருக்குங்க. ஆட்ட விதியை மாத்துற ஸ்கீம் எடிட்டர்ல சாதாரண ஆயுதங்களுக்கு எத்தனை இருக்கு, எத்தனை முறை கழிச்சுக் கைக்கு வரும், எவ்வளவு வலு, வானத்துல இருந்து விழுற பெட்டியில வர வாய்ப்பு எவ்வளவுன்னு தனித்தனியா மாத்தலாம். புதுசா ஆடுறவங்களுக்கு நான் சொல்ற கணக்கு: பசூக்கா, கிரனேட், ப்ராட் (விரலால தள்ளுறது) மூணும் அளவில்லாம. ஷாட்கன் 3, டைனமைட் 1, பேஸ்பால் பேட் 1, நிஞ்சா ரோப் (தொங்கித் தாவுற கயிறு) 2, கர்டர் (இரும்பு உத்தரம்) 1, டெலிபோர்ட் (நினைச்ச இடத்துக்குத் தாவுறது) 1. ஏர் ஸ்ட்ரைக் 1, ஆனா தாமதம் போட்டு. இல்லேன்னா முதல் முறையிலேயே கூட்டமா நிக்கிற புழுக்கள் மேல கொட்டிடுவாங்க. வாழைப்பழ குண்டு, கழுதை, புனிதக் கிரனேட் எல்லாம் பெட்டியில மட்டும் வரட்டும். எப்பவாவது ஒண்ணு கிடைச்சா வீடே அலறும், அதுதான் அதுக்கு மரியாதை.

புழுவுக்கு 100 உயிர், ஒரு முறைக்கு 45 நொடி, ஆட்டம் 15 நிமிஷம். பெருக்கிப் பாருங்க: குண்டு பறக்கிற நேரத்தை விட்டுட்டா 900 நொடியில 20 முறை. நாலு பேர் ஆடினா ஆளுக்கு அஞ்சே அஞ்சு. அதுக்கப்புறம் சடன் டெத்: எல்லாப் புழுவோட உயிரும் 1-க்கு இறங்குற மாதிரி வைக்கலாம், தண்ணி ஒவ்வொரு முறையும் மேல ஏறும். அந்த நேரத்துக்கு ஒரு டெலிபோர்ட்டை மிச்சம் வச்சவன் உச்சியில ஏறி உக்காந்துக்குவான். முதல் நிமிஷத்துலயே டெலிபோர்ட்டைச் செலவழிச்சவன் கீழே கால் நனைய நிப்பான்.

இப்போ பசூக்கா. எஃப்1 அழுத்தி எடுங்க. லேப்டாப்ல எஃப்1 அழுத்தினா சத்தம் அணையுதா, திரை வெளிச்சம் மாறுதா? எஃப்என் கீயையும் சேர்த்துப் பிடிங்க, இல்ல மவுஸ் வலது பட்டனால ஆயுதப் பலகையைத் திறங்க. ஸ்பேஸ் பாரை எவ்வளவு நேரம் அழுத்துறோமோ அவ்வளவு வேகம். முழுசா நிறைஞ்சதும் தானாவே சுட்டுடும், விரல் எடுக்கலைன்னு அழக்கூடாது. திரையோட வலது கீழ் மூலையில காத்துப் பட்டை இருக்கும். பாதிப் பேர் அதைப் பார்க்கிறதே இல்ல. காத்து ஒவ்வொரு முறைக்கும் மாறும், போன முறை பட்ட கோணம் இந்த முறை படாது.

எதிரி வலப்பக்கம் ஒரு மேட்டுக்குப் பின்னால ஒளிஞ்சிருக்கான், காத்து இடப்பக்கமா பலமா அடிக்குதுன்னு வச்சுக்குங்க. புதுசா வர்றவங்க 45 டிகிரி வச்சு அடிப்பாங்க. குண்டு மேடு வரைக்கும் போய், காத்துல திணறி, முன்பக்கமே விழும். அதுக்குப் பதிலா முழு வேகத்துல மேட்டைத் தாண்டித் தாழ்வா அனுப்புங்க. எதிரியைக் கடந்து போன குண்டைக் காத்து திருப்பிக் கொண்டுவந்து அவன் முதுகுப் பக்கம் இறக்கும். வேகம் கொஞ்சம் குறைஞ்சாலும் அது உங்ககிட்டயே திரும்பி வரும், அதுக்கும் தயாரா இருங்க. காத்து உங்க பக்கத்துல இருந்து எதிரியை நோக்கி அடிச்சா இன்னும் வேடிக்கை: எதிரிக்கு முதுகைக் காட்டி, மேல பார்த்துச் சுடலாம். குண்டு வானத்துல வளைஞ்சு தலைக்கு மேல தாண்டிப் போகும். நேராப் பட்டா 50 வரைக்கும் உயிர் போகும். ரெண்டு விரல் தள்ளி விழுந்தாலும் குறையுது.

கிரனேடுக்குக் காத்து கிடையாது. அதனாலயே குழந்தைகளுக்கு முதல்ல இதைத்தான் கத்துக்கொடுக்கணும். 1-ல இருந்து 5 வரைக்கும் எண் கீ அழுத்தினா அத்தனை நொடி திரி. மைனஸ் அழுத்தினா குறைவாத் துள்ளும், ப்ளஸ் அழுத்தினா நல்லாத் துள்ளும். தப்பு எங்க வருதுன்னா, சரிவு. எதிரி மேட்டுல நிக்கிறான், 5 நொடி திரி, அதிகத் துள்ளல். கிரனேட் போய் அவன் காலடியில முட்டும், மெதுவா உருண்டு, சாவகாசமா நம்ம காலடிக்கே வந்து சேரும். சரிவுன்னா 3 நொடி, குறைந்த துள்ளல். குழிக்குள்ள இருக்கிற ஆளுக்கு 4, 5 வைக்கலாம், குழி வெளியே விடாது.

ஷாட்கன் ஒரு முறைக்கு ரெண்டு தோட்டா, ஒவ்வொண்ணும் 25. ரெண்டுக்கும் நடுவுல நடக்கலாம்னு பல பேருக்குத் தெரியாது. முதல் தோட்டாவுல ஒருத்தனை ஓரத்துக்குத் தள்ளிட்டு, ரெண்டு எட்டு நடந்து ரெண்டாவதை வைங்க. டைனமைட் 75 வரைக்கும் வாங்கும், ஆனா வச்சதுக்கு அப்புறம் ஓட வெறும் சில நொடிதான் இருக்கும். அந்த அவசரத்துல பள்ளத்துல குதிச்சுக் காலை உடைச்சுக்கிறவங்கதான் அதிகம். தன் முறையில அடிபட்டா அதோட அந்த முறை முடிஞ்சுது. அதனால குண்டு போடுறதுக்கு முன்னாடியே ஓடுற வழியைப் பார்த்து வச்சுக்குங்க.

எல்லாத்தையும் விட மேல ப்ராட். ஒரு விரலால தள்ளுறது, அவ்வளவுதான். உயிர்ல ஒரு புள்ளிகூடக் குறையாது. ஆனா விளிம்புல நிக்கிற புழுவுக்கு 100 உயிர் இருந்தா என்ன, 200 இருந்தா என்ன, தண்ணியில விழுந்தா போச்சு. இந்த விளையாட்டோட மொத்தக் கேலியும் அந்த ஒரு விரல்ல இருக்கு. எதிரியோட உயிர் எண்ணைப் பார்க்காதீங்க, அவன் காலடியைப் பாருங்க. உங்க புழுவை ஓரத்துல விட்டுட்டு முறையை முடிக்காதீங்க. ரெண்டு புழுவைப் பக்கத்துல பக்கத்துலயும் விடாதீங்க, ஒண்ணு செத்து வெடிச்சா அடுத்ததையும் தூக்கும்.

கை தேர்ந்தவங்க செய்யறது ஒண்ணு சொல்றேன். ஒரு படையில புழுக்கள் வரிசையாத்தான் முறைக்கு வரும். குழிக்குள்ள மாட்டிக்கிட்டு, சுட்டா தன்மேலேயே படுற நிலைமையில ஒரு எதிரிப் புழு இருந்தா அதைக் கொல்லாதீங்க. முடிஞ்சா மேல ஒரு கர்டரை வச்சு மூடியே விட்டுடுங்க. வரிசையில அது வரும்போதெல்லாம் எதிரிக்கு ஒரு முறை வீண். கொன்னா அந்த முறை நல்ல இடத்துல நிக்கிற புழுவுக்குப் போயிடும். 10 உயிர்தான் இருக்கேன்னு அடிச்சுத் தீர்க்கிறவங்க எதிரிக்கு உதவி பண்றாங்க. ஆயுதம் கொட்டிக் கிடக்கும்போது இந்த யோசனையே யாருக்கும் வராது, அதுக்குத்தான் இவ்வளவு சொல்றேன்.

நம்ம மியான்மர் நிலைமைக்கும் இது பொருத்தம். கரண்ட் போன நேரத்துல ஒரு லேப்டாப், ஒரு கீபோர்டு, நாலு பேர் போதும். 1999-ல வந்த விளையாட்டு, எந்தப் பழைய மெஷினும் இழுக்கும். ஆள் மாறி உக்கார ஹாட் சீட் நேரம்னு ஒண்ணு இருக்கு, 5 நொடியாவது வைங்க. பயாஜோ (பருப்பு வடை) தின்ன விரலை முதல்ல துடைங்க, எண்ணெயில ஸ்பேஸ் பார் வழுக்கினா பசூக்கா கால்தூரம்தான் போகும். நெட்டுல ஆடலாமேன்னு கேட்பீங்க. இங்க தடையைத் தாண்ட விபிஎன் போட்டுத்தான் இந்தப் பதிவையே படிக்கிறீங்க, ரூம் திறக்கிறவர் நெட் கனெக்‌ஷன்ல 17011-ங்கிற போர்ட்டையும் (மத்தவங்க உள்ளே வர்ற வழி) திறந்து வைக்கணும், எதுக்கு வம்பு? புழுவை நடத்தத் தெரியாத பாட்டி தாத்தாவுக்கு ஆர்டிலரி மோட் போடுங்க. புழு யாருக்கும் நகராது, குறி மட்டும் வச்சாப் போதும். எல்லாரும் சமம்.

பழைய சிடியில இருந்து போட்டு நிறம் கலங்கியோ கறுப்பாவோ வந்தா, 2020-ல வந்த 3.8 அப்டேட்டைப் போட்டு ரெண்டரரை (திரையில படம் வரையற முறையை) மாத்திப் பாருங்க. அதுல ஜன்னல் அளவிலயும் ஓட்டலாம். ஆடின ஆட்டம் தானாவே ரீப்ளே கோப்பா சேமிக்கப்படும். "நான் அழுத்தவே இல்ல"ன்னு சண்டை வந்தா போட்டுக் காட்டிடலாம்.

அடுத்தடுத்து வந்ததெல்லாம் வேண்டாமான்னா, 2003-ல வந்த 3டி எனக்குப் பிடிக்கல. ஆழம் கண்ணுக்குப் பிடிபடாததால கோணக் கணக்கு போச்சு. 2016-ல வந்த டபிள்யூ.எம்.டி. பார்க்க அழகு, ஆனா டாங்கி, ஹெலிகாப்டர்னு வண்டி ஏத்திட்டாங்க. 2020-ல வந்த ரம்பிள்ல முறை வச்சு ஆடுறதே இல்ல, அது வேற சாதி.

கடைசியா குரல் விஷயம். புழுப் பேருக்குத் தமிழ் எழுத்து ஏறாது, ஆங்கில எழுத்துல அடிக்கணும். ஆனா குரல் தமிழாகலாம். விளையாட்டோட ஃபோல்டர்ல டேட்டா, அதுக்குள்ள யூசர், அதுக்குள்ள ஸ்பீச். அங்க இருக்கிற ஏதாவது ஒரு குரல் ஃபோல்டரை அப்படியே காப்பி பண்ணி உங்க பேர் வைங்க. உள்ளே இருக்கிற ஒவ்வொரு வேவ் கோப்பையும் கேட்டுட்டு, அதே நீளத்துல உங்க வீட்டுக் குரலைப் பதிவு பண்ணி வேவாவே சேமிச்சு மேல ஒட்டுங்க. ஒண்ணு ரெண்டு நொடிக்கு மேல வேண்டாம், அடுத்த சத்தத்தோட முட்டும். தண்ணியில விழும்போது பாட்டி "அய்யய்யோ", குறி தப்பும்போது அத்தை "ஆமா, கிழிச்சே", ஜெயிக்கும்போது கரண்ட் வந்ததும் தெருவே கத்துற "மீ லா பியீ!" (பர்மியத்துல "கரண்ட் வந்துடுச்சு!"). டீம் செட்டிங்ல அந்தக் குரலைத் தேர்ந்தெடுத்தா முடிஞ்சுது. கோப்புப் பெயரை மட்டும் தொடாதீங்க. ஒரு எழுத்து மாறினாலும் பாட்டி வாய் திறக்க மாட்டாங்க.