பூட்டியது யார் என்று சொல்லுங்கள்

போன வருடம் தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கும்போது, காலை ஏழு மணிக்கு ஒரு அக்கா போன் செய்தார். மதுரையில் மகால் பக்கம் வீட்டிலேயே சுங்குடிச் சேலை வியாபாரம் செய்பவர். அவருக்கு இணையதளம் செய்து கொடுத்தது நான்தான். "தம்பி, ராத்திரியிலேர்ந்து ஒரு ஆர்டர்கூட வரல. கோயம்புத்தூர்ல ஒரு அம்மா கூப்பிட்டு, கடையை மூடிட்டீங்களான்னு கேக்குறாங்க" என்றார்.

வீட்டு வைஃபையில் திறந்தேன், தளம் ஓடியது. மொபைல் டேட்டாவுக்கு மாறினேன், திறக்கவில்லை. மனைவியின் போனில் வேறு சிம், அதில் திறந்தது. தளம் ஓடும் சர்வரின் பதிவேட்டில் பிழை எதுவும் இல்லை. அந்த ஒரு நெட்வொர்க்கில் இருப்பவர்களுக்கு மட்டும் இணைப்பு தொடங்கிய நொடியே அறுந்துபோகிறது. திரையில் 'கனெக்‌ஷன் ரீசெட்' என்று ஒரே வரி. பதினான்கு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன், பார்த்ததுமே புரிந்துவிட்டது. தளத்தில் பழுது இல்லை. நடுவில் யாரோ பூட்டியிருக்கிறார்கள்.

நம் ஊரில் வளவு வீடு எல்லோருக்கும் தெரியும். தெருவுக்கு ஒரே கதவு, ஒரே கதவு எண், உள்ளே எட்டுக் குடித்தனம். சின்னத் தளங்களும் அப்படித்தான் குடியிருக்கின்றன. இணையத்தில் கதவு எண் மாதிரி இருப்பது ஐபி முகவரி. ஒரே ஐபி முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் இருக்கும். தேடிப் பார்த்ததில், அக்காவின் தளம் இருந்த முகவரியிலேயே திருட்டுப் படம் போடும் தளம் ஒன்றும் இருந்தது. அந்த ஒருத்தனைப் பிடிக்க வளவின் தெருக்கதவையே இழுத்துப் பூட்டிவிட்டார்கள்.

நெட்வொர்க் நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவைக்கு மூன்று நாள் பேசினேன். "சார், அது அரசாங்க உத்தரவா இருக்கும்." எந்த உத்தரவு? எண் என்ன, தேதி என்ன? "எங்களுக்குத் தெரியாது சார்." மெயில் போட்டால் தானாக வரும் பதில்தான் வந்தது. நாலாவது நாள் கைக்காசு போட்டுத் தனி ஐபி வாங்கி, தளத்தை அங்கே மாற்றினேன். உடனே திறந்தது. அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். பிரித்து அனுப்ப வேண்டிய சேலைகள் கூடத்தில் அப்படியே அடுக்கியிருந்தன. அவருடைய மாமியார் ஓரமாக உட்கார்ந்து துணியைக் கிள்ளிக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு. அவ்வளவு உழைப்புக்கும் இருந்த ஒரே கடைவாசலை, ஒரு வார்த்தை சொல்லாமல் அடைத்திருக்கிறார்கள். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

சட்டமே வேண்டாம் என்று சொல்பவன் இல்லை நான். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மனதார வரவேற்றேன். டியூஷன் சென்டர் செயலியில் பெற்றோரின் போனில் உள்ள எல்லா நம்பர்களையும் எடுக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டபோது, 250 கோடி ரூபாய் வரை அபராதம் என்று அந்தச் சட்டத்தைக் காட்டித்தான் மறுக்க முடிந்தது. திருட்டுப் படத் தளத்தை மூடட்டும். குழந்தைகளைச் சீரழிக்கும் தளங்களை இன்றைக்கே மூடட்டும். மூடுகிறவர் யார், எதற்காக மூடுகிறார் என்று எழுதி ஒட்டிவிட்டு மூடுங்கள் என்பதுதான் நான் கேட்பது.

இதில் சட்டம் எங்கே இடறுகிறது என்று பாருங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் மத்திய அரசு தளங்களை முடக்கலாம். அதற்கு 2009இல் வகுத்த விதிகளில் 16ஆவது விதி, புகாரையும் எடுத்த நடவடிக்கையையும் ரகசியமாக வைக்கச் சொல்கிறது. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதே சட்டத்தின் 66ஏ பிரிவைத் தூக்கி எறிந்தது. ஃபேஸ்புக்கில் எழுதியதற்கே ஆட்களைப் பிடித்து உள்ளே வைத்த பிரிவு அது. நாங்கள் எல்லோரும் கொண்டாடினோம். அதே தீர்ப்பில்தான் 69ஏ செல்லும் என்றும் சொன்னார்கள். காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும், அதனால் பாதிக்கப்பட்டவர் ரிட் மனுவில் கேள்வி கேட்கலாம் என்பது அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. சரி. ஆனால் அந்தக் காகிதமே கைக்கு வராதபோது, எந்தக் கோர்ட்டில் போய் எதை நீட்டுவது?

முடக்க உத்தரவு நீதிமன்றம் வழியாகவும் வரும். 2017 ஆகஸ்டில் படத் தயாரிப்பாளர்கள் சென்னை உயர்நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவில் 2,600க்கும் மேற்பட்ட தளங்கள் இருந்தன. அந்தப் பட்டியலில் இன்டர்நெட் ஆர்கைவும் மாட்டிக்கொண்டது. அழிந்துபோன இணையப் பக்கங்களைச் சேமித்து வைத்திருக்கும் நூலகம் அது. பழைய தளத்தை மீட்க வேண்டுமென்றால் நான் முதலில் போய் நிற்கும் இடம். அதற்கு முன் 2014 டிசம்பரில் 32 தளங்களை முடக்கியபோது, நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் நிரலைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப்பும் அதில் இருந்தது. எங்கள் தொழிலில் கிட்ஹப்பைப் பூட்டுவது கொத்தனாரிடமிருந்து கரண்டியைப் பிடுங்குவது மாதிரி.

2025 பிப்ரவரியில் விகடன் தளத்துக்கு நடந்தது இன்னும் எல்லோருக்கும் நினைவிருக்கும். பிரச்சினை ஒரே ஒரு கார்ட்டூன். திறக்காமல் போனது மொத்தத் தளமும். மார்ச் 6 அன்று சென்னை உயர்நீதிமன்றம் சொன்ன பிறகுதான், அதுவும் கார்ட்டூனை நீக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, வழி பிறந்தது. பெரிய பத்திரிகை என்பதால் வக்கீல் வைத்துப் போராடினார்கள். சுங்குடி அக்கா என்ன செய்வார்?

இதற்கு நேர்மாறான ஒன்றும் நம் ஊரிலேயே நடந்திருக்கிறது. மேலூர் ரோட்டில் இருக்கும் உயர்நீதிமன்றக் கிளை 2019 ஏப்ரல் 3 அன்று டிக்டாக்கைத் தடை செய்யச் சொன்னது. அந்த உத்தரவு எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. ஆனால் அது எல்லோரும் படிக்கக்கூடிய உத்தரவு. நீதிமன்றத்துக்கு உதவ மூத்த வழக்கறிஞர் ஒருவரை நியமித்தார்கள், இரண்டு பக்கமும் வாதம் நடந்தது, ஏப்ரல் 24 அன்று அதே கிளை தடையை நீக்கியது. மூன்றே வாரம். தப்பான பூட்டாக இருந்தாலும் சாவி யாரிடம் என்று தெரிந்தால் போய்க் கேட்க முடிகிறது.

சித்திரைத் திருவிழாவுக்கு மாசி வீதியை அடைத்தால், எந்தத் தேதி, எத்தனை மணி முதல், மாற்றுப்பாதை எது என்று போலீஸ் முன்கூட்டியே பேப்பரில் போடுகிறது. லட்சக்கணக்கான ஜனம் கூடுகிற ஊரில் அது சாத்தியமாகிறது. 2020 ஜனவரி 10 அன்று அனுராதா பாசின் வழக்கில், இணையத்தை நிறுத்தும் உத்தரவுகளை வெளியிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. மாவட்டம் முழுக்க நெட்டை நிறுத்தும் உத்தரவுக்குப் பொருந்துகிற நியாயம், ஒரு தளத்தை நிறுத்தும் உத்தரவுக்கு ஏன் பொருந்தாது?

தொழில்நுட்பம் இடம் தராது என்று யாரும் சொல்ல முடியாது. பக்கம் இல்லை என்றால் 404 என்று வருவது எல்லோருக்கும் தெரியும். 451 என்று இன்னொரு எண் இருக்கிறது. 'சட்டக் காரணங்களால் கிடைக்காது' என்று அர்த்தம். 2016 பிப்ரவரியிலேயே இணையத் தரமாக வெளியானது. எந்தச் சட்டத்தின்கீழ், யார் கேட்டு முடக்கப்பட்டது என்ற விளக்கமும் கூடவே வர வேண்டும் என்று அந்த ஆவணம் சொல்கிறது. எச்டிடிபிஎஸ் தளத்தில், அதாவது இணைப்பு முழுக்க மறையாக்கம் செய்யப்பட்ட தளத்தில், நடுவில் புகுந்து இந்தப் பக்கத்தைக் காட்ட நெட்வொர்க் நிறுவனத்தால் முடியாது என்று நண்பர் ஒருவர் சொன்னார். உண்மைதான். அப்படியென்றால் முடக்கிய முகவரிகளை ஒரு பொதுத் தளத்தில் வரிசையாகப் போடட்டும். உத்தரவு எண், தேதி, பிறப்பித்தவர், முறையிட வேண்டிய இடம். நாலு கட்டம் உள்ள ஒரு அட்டவணை. எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த பையனே ஒரே நாளில் செய்துவிடுவான். தேசப் பாதுகாப்பு சம்பந்தப்பட்ட சிலவற்றை மறைக்கத்தான் வேண்டும் என்றால், அவற்றுக்கு மட்டும் காரணத்தை மறைக்கட்டும். சேலைக் கடைக்கு எதற்கு ரகசியம்?

மதுரை, மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் சின்னதாகத் தளம் வைத்துத் தொழில் செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால், ஒன்று செய்யுங்கள். ஆர்டர் திடீரென்று நின்றுபோனால், முதலில் இரண்டு மூன்று வேறு வேறு சிம்மில் உங்கள் தளத்தைத் திறந்து பாருங்கள். ஒன்றில் மட்டும் திறக்கவில்லை என்றால் நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கி வையுங்கள். அப்புறம் எனக்கு இன்பாக்ஸில் அனுப்புங்கள். எங்கே அறுந்திருக்கிறது என்று நான் பார்த்துச் சொல்கிறேன். காசு வேண்டாம்.