பஸ் ஏன் ஜோடி ஜோடியாக வருகிறது?

அரை மணி நேரம் ஒன்றுமே வராது. அப்புறம் ஒரே நம்பர் பஸ் இரண்டு, ஒட்டினாற்போல வரும். முன்னது படிக்கட்டு வரை பிதுங்கும். "பின்னாடி வண்டி காலியா வருது, அதுல ஏறுங்க" என்பார் நடத்துநர். யார் கேட்பது? சென்னையில் பஸ் ஏறுகிற எல்லோரும் பார்த்த காட்சிதான்.

டிரைவரைத் திட்டிவிட்டுப் போய்விடுகிறோம். ஆனால் நியூவெல், பாட்ஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1964லேயே இதைக் கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார்கள். ஒரு பஸ் சிக்னலில் மாட்டி இரண்டு நிமிடம் தாமதமானால், அடுத்த நிறுத்தத்தில் அந்த இரண்டு நிமிடக் கூட்டமும் சேர்ந்து நிற்கும். அவர்கள் ஏறி முடிப்பதற்குள் தாமதம் இன்னும் கூடும். பின்னால் வருகிற பஸ்ஸுக்கோ ஏற ஆளே இருக்காது. விறுவிறுவென்று வந்து முன்னதைப் பிடித்துவிடும். இதில் யார் மேலும் தப்பில்லை.

நஷ்டம் பயணிக்கு. பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் சீராக வந்தால் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்போம். அதே பஸ்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இருபது நிமிடத்துக்கு ஒருமுறை வந்தால், பத்து நிமிடம். ஏட்டில் இரண்டுமே மணிக்கு ஆறு பஸ்தான்! எனக்கு எரிச்சல் இங்கேதான். புதுப் பஸ் எத்தனை, மின்சாரப் பஸ் எத்தனை என்றே பேசிக்கொண்டிருக்கிறோம், இடைவெளியைப் பற்றிப் பேச்சே இல்லை.

லண்டனில் மணிக்கு ஐந்து பஸ்ஸுக்குக் குறையாமல் ஓடும் தடங்களில், 'நேரத்துக்கு வந்ததா' என்று பார்ப்பதில்லை. அட்டவணைப்படி நிற்க வேண்டியதைவிடப் பயணி எவ்வளவு நேரம் கூடுதலாக நின்றார் என்று அளக்கிறார்கள். இங்கேயும் பஸ் எங்கே வருகிறது என்று மொபைலில் காட்டும் செயலி 2022லேயே வந்துவிட்டது. ஆக, விவரம் கையில் இருக்கிறது. தடவாரியாக மாதாமாதம் வெளியிட்டால் கல்லூரி மாணவர்களே கணக்குப் போட்டுவிடுவார்கள்.

இடைவெளியைச் சீராக்க ஒரு வழி, பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்தி வைத்து அனுப்புவது. "பஸ்ஸை நடுவழியில் நிறுத்தி வைத்தால் உள்ளே இருப்பவர்கள் சும்மா விடுவார்களா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். விடமாட்டார்கள், நானே கத்துவேன். அதனால் டெர்மினஸிலேயே பிடித்து வைக்க வேண்டும். பார்த்தோல்டி, ஐசன்ஸ்டைன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் அமெரிக்காவில் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக வளாகப் பஸ்களில் இப்படிச் செய்து பார்த்து 2012ல் எழுதினார்கள். அட்டவணையை ஓரங்கட்டிவிட்டு, பின்னால் வரும் பஸ் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப இந்தப் பஸ்ஸைக் கொஞ்சம் நிறுத்தி அனுப்பினார்கள். இடைவெளி தானாகச் சீரானது.

நம் டெர்மினஸ்களில் டைம் கீப்பர் ஏற்கனவே உட்கார்ந்திருக்கிறார். எந்த பஸ் எங்கே நிற்கிறது என்று காட்டும் ஒரு திரையையும், "நாலு நிமிஷம் கழிச்சு எடுங்க" என்று சொல்லும் அதிகாரத்தையும் அவருக்குக் கொடுத்துப் பார்க்கலாமே. முதலில் ஒரே ஒரு தடத்தில்.